படத்து ஜோக்கரும் பக்கத்தில் இல்லாத மஸ்தானும்

சோகமாக உட்காருங்கள் என்று சொல்லி எனக்கு இதுவரை யாரும் டீயும் பட்டர் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்ததில்லை. போன மாதம் திருவண்ணாமலைக்குப் பக்கத்து வேங்கிக்காலில் அதுவும் நடந்தது. கலெக்டர் ஆபீஸ் பக்கம் புதிதாக முளைத்திருக்கும் வீடுகளில் ஒன்றின் மாடியில் நிர்மலா மேடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓவிய வகுப்பு நடத்துகிறார். கல்லூரியில் ஓவியம் சொல்லிக் கொடுத்தவர். வகுப்புக்கு வருகிறவர்கள் பாங்க் ஊழியர்கள், டீச்சர்கள், கிரிவலம் வந்துவிட்டு ஊர் திரும்ப மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்ட ஒரு வெள்ளைக்காரர். சர்க்கஸ் ஜோக்கராக இருந்து ரிட்டயர் ஆன ஏழுமலை என்று ஒருவன் ஊருக்குள் இருக்கிறான் என்று யாரோ என்னைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மேடம் ஆள் அனுப்பினார். பழைய மேக்கப்பைப் போட்டுக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான் வேலை.

உட்கார்ந்தேன். மேடம் பென்சிலைச் சீவிக்கொண்டே, கொஞ்சம் தனிமையாக இருங்கள் ஐயா என்றார். அறை நிறைய ஆட்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து என் மூக்கை ஒற்றைக் கண்ணால் அளந்துகொண்டிருக்கிறார்கள். இதில் தனிமையாக இருப்பது எப்படி? முயற்சி செய்தேன். கொட்டாவிதான் வந்தது. வெள்ளைக்காரர் அதையும் வரைந்துவிட்டார்.

டீ வந்தபோது மேடம் சுவரில் ஒட்டியிருந்த படங்களைக் காட்டினார். நூறு வருஷத்துக்கும் முன்னால் ஐரோப்பாவில் வரைந்தவையாம். அந்தக் காலத்து ஓவியர்களுக்கு சர்க்கஸ்காரர்கள் என்றால் உயிராம். கட்டம் போட்ட சட்டைக்காரன், ஒல்லிப் பையன், மூட்டை மேல் உட்கார்ந்த பெண், பக்கத்தில் ஒரு நோஞ்சான் குதிரை. சுற்றிலும் வெட்டவெளி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, ஆளுக்கொரு திசை. சர்க்கஸ் கலைஞன் என்பவன் தனிமையின் குறியீடு என்று மேடம் விளக்கினார். ஓவியர்களும் அப்போது கையில் காசில்லாமல், பேச ஆளில்லாமல், பெரிய நகரங்களில் வாடகை அறைகளில் கிடந்தார்களாம். ஊர் ஓரத்தில் டென்ட் போட்டிருந்த எங்களைப் பார்த்ததும், அட நம்ம ஆள் என்று தோன்றிவிட்டதாம். ஆக, எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர்கள் அழுதிருக்கிறார்கள். நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஆனால் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான் பக்கத்தில் போய் அந்தக் குதிரைப் படத்தை நன்றாகப் பார்த்தேன். தரையில் முளைக்குச்சி இல்லை, கயிறு இல்லை, மூட்டை கட்டியாகிவிட்டது. எனக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது.

"இது தனிமை இல்லீங்க மேடம். டென்ட்டைப் பிரிச்சுட்டாங்க, லாரி வரலை. அவ்ளோதான்."

வகுப்பே சிரித்தது. நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. ஆளுக்கொரு திசையைப் பார்க்கிறார்கள் என்றால், லாரி எந்த ரோட்டில் வரும் என்று ஆளுக்கொரு கணக்கு. அந்தப் பெண் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள் என்றால், முன் சீட்டு யாருக்கு என்று ஏற்கெனவே சண்டை முடிந்துவிட்டது. சர்க்கஸில் மனிதனுக்குக் கிடைக்காத ஒரே பொருள் தனிமைதான். ஒரு டென்ட்டில் இத்தனை பேர் என்று கணக்கே கிடையாது. என் காலில் ஒருத்தன் தலை, என் தலைமாட்டில் ஒருத்தன் கால், நடுவில் நாய் ஐட்டத்து நாய் (வித்தையை நாங்கள் ஐட்டம் என்போம்). குளிக்கப் போனால் வரிசை, அழப் போனால்கூட அங்கே ஏற்கெனவே ஒருத்தன் அழுதுகொண்டிருப்பான். கொஞ்ச நேரம் தனியாக விடுங்கடா சாமி என்று அண்ணாமலையாருக்கு நான் வேண்டிக்கொண்டதுண்டு.

மேடம் லேசுப்பட்டவர் இல்லை. சிரித்து முடித்துவிட்டு இன்னொரு படத்தைக் காட்டினார். அதில் ஒரே ஒரு ஜோக்கர். ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறான், கைகள் முழங்கால்களுக்கு நடுவே தொங்குகின்றன. மூட்டை இல்லை, குதிரை இல்லை.

"சரிங்கய்யா, இவர் எந்த லாரிக்குக் காத்திருக்கார்?"

அந்த உட்காரல் எனக்குத் தெரியும். வாழ்க்கையில் ஒரு தடவை, நான்கு மணி ஆட்டத்தில், இதே ஊரில், நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். அதை எழுதிக் கொடுங்கள், கண்காட்சி வைக்கும்போது படங்களோடு ஒட்டலாம் என்று மேடம் சொன்னார். அதற்காகத்தான் இது.

நான் கீழ்பென்னாத்தூர்க்காரன். சர்க்கஸில் சேர்ந்தபோது பார் விளையாட வேண்டும் என்றுதான் ஆசை. அந்தரத்தில் ஊஞ்சலிலிருந்து ஊஞ்சலுக்குத் தாவுவதைத்தான் நாங்கள் பார் என்போம். முதல் தடவை மேலே ஏற்றிவிட்டார்கள். கீழே பார்த்தேன், அம்மா என்று கத்திக்கொண்டே வலையில் விழுந்தேன். வலை தூக்கிப் போட்டது, மறுபடி விழுந்தேன், மறுபடி தூக்கிப் போட்டது. ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டு, நீ ஜோக்கர் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் பயிற்சி அன்றைக்கே பாதி முடிந்துவிட்டது.

மேனேஜர் சார் மலையாளி. முப்பது வருஷத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருடைய ஆயுதம் ஒரே கேள்விதான்: சாப்பிட்டாச்சா? முதல் தடவை கேட்டால் உண்மையிலேயே அன்பு. அதே ஆளிடம் அதே நேரத்தில் இரண்டாம் தடவை கேட்டால் பேச்சு முடிந்தது, எழுந்து போ என்று அர்த்தம். மூன்றாம் தடவை கேட்கப்பட்டவர்கள் சொந்த ஊரில் போய்த்தான் சாப்பிட்டார்கள்.

ஆட்டம் நடக்கும்போது அவர் ரிங்குக்கு வரும் வழியில், திரைக்குப் பக்கத்தில், ஒரு இரும்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ரிங்குக்கு முதுகைக் காட்டி உட்காருவார். ஆட்டத்தைப் பார்க்கவே மாட்டார், கேலரியைத்தான் பார்ப்பார். நம்ம பக்கத்தில் ஆட்டம் போட்டால் கேலரி முழுக்க வேர்க்கடலைதான். கடலை உடைக்கிற கை நின்றுபோய், வாய் சிரித்தால் அந்த ஐட்டம் தேறியது. கை நிற்காமல் உடைத்துக்கொண்டே இருந்தால் அந்த ஐட்டத்துக்கு ஆயுசு கம்மி. எங்கள் எல்லாருடைய பிழைப்பும் அடுத்தவன் கடலையில் இருந்தது.

ஜோக்கர் வேலை என்பது இடைவெளியை அடைக்கிற வேலை. பாருக்கு வலை கட்ட நேரமாகும், சிங்கக் கூண்டு பூட்ட நேரமாகும். அந்த நேரத்தில் சனம் கூரையில் இருக்கும் ஓட்டையைப் பார்த்துவிடக் கூடாது. அதற்குத்தான் நானும் மஸ்தானும். தேங்காய் எண்ணெயில் ஜிங்க் பவுடரைக் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டு உள்ளே போவோம். அவன் நெட்டை, நான் குட்டை. எங்கள் ஐட்டம் அறை ஐட்டம். அவன் என் கன்னத்துக்கு நேரே கையை வீசுவான். கை படாது. கை கன்னத்தைத் தாண்டும் அதே கணத்தில் நான் இடுப்புக்குக் கீழே என் இரண்டு கைகளையும் தட்டிச் சத்தம் கொடுத்துவிட்டுச் சுருண்டு விழுவேன். அடிப்பவன் அவன், சத்தம் என்னுடையது. ஒரு இமை நேரம் பிசகினாலும் சனம் ஊளையிடும். நாங்கள் பிசகியதில்லை. ரிங்குக்கு வெளியே மட்டும் எங்களுக்கு எதிலும் ஒத்துப் போகாது. சோப்பை யார் கரைத்தது என்பதில் தொடங்கி நாள் முழுக்கச் சண்டைதான்.

மஸ்தான் இந்தத் திருவண்ணாமலைக்காரன். மாமனார் வீடும் இதே ஊர். மாமனாருக்கு டவுனில் பஞ்சு மெத்தைக் கடை, நாலு தலைமுறையாக நடக்கிற கடை. நாங்கள் இங்கே முகாம் போட்டபோது பஸ் ஸ்டாண்டிலிருந்து அடி அண்ணாமலை வரைக்கும் எங்கள் இரண்டு பேர் மூஞ்சியையும் போட்ட போஸ்டர். அதில் ஒன்றை எவனோ மெத்தைக் கடைக்கு எதிர்ச் சுவரிலேயே ஒட்டிவிட்டான். காலையில் கடை திறந்த பெரியவர், வெள்ளை பூசி நாக்கைத் துருத்திக்கொண்டிருந்த மருமகனைப் பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்ய வேண்டியதாயிற்று. சாயங்காலம் நேரே டென்ட்டுக்கு வந்து, கௌரவமாகக் கடையில் உட்காருங்கள் மாப்பிள்ளை என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மஸ்தானுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியை அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறேன், இனிமேல் என்னை முதலாளி என்று கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த ஆட்டத்துக்கு மணி அடித்துவிட்டார்கள். அறைய ஆள் இல்லை. வேறு வழி? உள்ளே போய் என்னை நானே அறைந்துகொண்டேன். வலது கை அடித்தது, நான் விழுந்தேன். எழுந்து வலது கையை முறைத்தேன், அது மறுபடி அடித்தது. இடது கையிடம் பஞ்சாயத்துக்குப் போனேன், அது வலது கையோடு சேர்ந்துகொண்டது. கேலரி அதிர்ந்தது. திரைக்கு வந்தபோது மேனேஜர் சார், கடலை நின்னுபோச்சு ஏழுமலை என்றார். அதைவிடப் பெரிய பட்டம் அவரிடம் கிடையாது. பொய் சொல்வானேன், எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது.

ஒரு வாரம் அப்படியே போயிற்று. மஸ்தான் படுத்த இடம் காலியாக இருந்ததால் முதல் தடவையாகக் காலை நீட்டிப் படுக்க முடிந்தது. நீட்டினேன். தூக்கம் வரவில்லை. சோப்பு கரையாமல் அப்படியே இருந்தது, அதைப் பார்த்தால் எரிச்சலாக வந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் சாம்பார் நன்றாக இல்லை என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. நன்றாக இருக்கிறது என்று மறுத்துப் பேச ஆள் இருந்தால்தானே அதைச் சொல்வதில் ஒரு சுவை. இத்தனை பேர் நடுவில் எனக்கு அவன் ஒருத்தன் இல்லாதது தாங்கவில்லை. இதுதான் நிஜம்.

அங்கே கடையில் முதலாளியின் கதி இன்னும் மோசம். விலையைச் சொன்னால் சனம் சிரித்தது. அவன் வாயைத் திறந்தாலே சிரித்தது. ஒரு கல்யாண வீட்டார் மெத்தை வாங்க வந்திருக்கிறார்கள். மெத்தை எவ்வளவு மெத்தென்று இருக்கிறது பாருங்கள் என்று இவன் விழுந்து காட்டியிருக்கிறான். விழுந்தால் இவனுக்கு ஒரே விதமாகத்தான் விழத் தெரியும். காலை வாரிக்கொண்டு, முதுகு அறைய விழுந்து, ஐயோ செத்தேன் என்று அலறியிருக்கிறான். உள்ளே பஞ்சே இல்லை போலிருக்கிறது என்று கல்யாண வீட்டார் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். மாமனார் தங்கமான மனிதர், நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும் மாப்பிள்ளை என்று சொல்லிப் பார்த்தார். சும்மா உட்காரத்தான் மஸ்தானுக்கு வராதே.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த கதை. அன்று எனக்குத் தெரிந்தது மேனேஜர் சார் சொன்னதுதான். மஸ்தான் வந்தான், திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நின்றான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், உன் ஒற்றை ஐட்டமே போதும் என்றார். என்னைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார். வெளியே ஓடினேன். மஸ்தான் வேலி ஓரம் போய்க்கொண்டிருந்தான், தலையெல்லாம் இலவம் பஞ்சு. கூப்பிட்டதும் நின்றான், முகத்தைப் பார்க்கவில்லை.

"நீயே தனியா நல்லா சம்பாரி. நாளைக்கு நாலு மணிக்கு வந்து பொட்டிய எடுத்துக்கறேன். அதுக்கப்புறம் உனக்கும் எனக்கும் பேச்சே இல்ல."

நான்தான் மேனேஜர் காதில் ஓதிவிட்டேன் என்று நினைத்துவிட்டான். அந்த வாரக் கடைசியில் முகாம் அடுத்த ஊருக்குக் கிளம்புகிறது. பெட்டி போனால் அவன் போனதுதான். நான் மேனேஜர் சாரிடம் திரும்பிப் போய்க் கெஞ்சினேன். சாப்பிட்டாச்சா என்றார். சார், அவன் இல்லாமல் எனக்கு ஐட்டமே வராது சார் என்றேன். சாப்பிட்டாச்சா என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மேனேஜரை மாற்ற யாராலும் முடியாது, கேலரியால் மட்டும்தான் முடியும். அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். என் ஒற்றை ஐட்டம் படுத்துவிட்டால் மஸ்தானைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும், அதனால் மறுநாள் அதைக் கெடுத்துவிட வேண்டும். ஒருத்தரும் சிரிக்கக் கூடாது.

இதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. சிரிக்க வைக்க ஆயிரம் வழி கற்றுக் கொடுத்தார்கள், சிரிக்க வைக்காமல் இருக்க ஒரு வழியும் யாரும் கற்றுத் தரவில்லை. மறுநாள் ஒரு மணி ஆட்டத்தில் ஆபீசுக்குப் போகிறவன் மாதிரி நேராக நடந்து போனேன். சிரித்தார்கள். சும்மா நின்றேன். இன்னும் சிரித்தார்கள். கடைசியில் கையைக் கூப்பி, இன்றைக்கு எனக்கு மனசு சரியில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நிஜமாகவே சொன்னேன். விசில் பறந்தது. ஒரு தாத்தா சிரித்துச் சிரித்துப் பல்செட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். மேனேஜர் சார், புது ஐட்டமா, நல்லாருக்கே என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நான்கு மணி ஆட்டம். பார் வலை கட்ட ஆரம்பித்தார்கள், என்னை உள்ளே விட்டார்கள். ரிங் நடுவில் போய் நின்று திரும்பினேன். திரை விலகிய இடுக்கில் மஸ்தான் தெரிந்தான். கட்டம் போட்ட லுங்கி, கையில் அவனுடைய தகரப் பெட்டி. அவ்வளவுதான், எனக்குக் கை எழவில்லை. கெடுக்க வேண்டும் என்ற திட்டம்கூட மறந்துவிட்டது. பக்கத்தில் கிடந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்தேன். மேடம் காட்டிய படத்தில் அந்த ஜோக்கர் உட்கார்ந்திருக்கிறானே, அதே மாதிரி, கைகள் இரண்டும் முழங்கால்களுக்கு நடுவே. யாரும் உட்காரச் சொல்லிக் கொடுக்கவில்லை, உடம்பு தானாகவே அப்படி உட்கார்ந்துகொண்டது.

முதலில் சிரித்தார்கள். பிறகு குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. கடலை உடைக்கிற சத்தமும் நின்றுவிட்டது. கை நின்றால் வாய் சிரிக்க வேண்டும். இங்கே கை நின்றது, வாய் சிரிக்கவில்லை. மேனேஜர் சாருக்கு இது கணக்கிலேயே வராத விஷயம். நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, என் சர்வீஸில் முதல் தடவையாக, திரும்பி ரிங்கைப் பார்த்தார்.

கேலரியில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, உங்க கூட இருந்தவரு எங்கங்க?"

அவ்வளவு பேருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கிறது. போஸ்டரில் இரண்டு பேராச்சே, அந்த நெட்டை எங்கே, அவரை வரச் சொல்லுங்கள் என்று நாலா பக்கமும் கிளம்பிவிட்டது. கூப்பாடு போட்டார்கள். மேனேஜர் சார் முழுசாக எழுந்துவிட்டார். மஸ்தான் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக் கீழே வைத்தார், அவன் பிடரியில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டார்.

மேக்கப் இல்லை, ஒன்றும் இல்லை. லுங்கியும் தலை நிறையப் பஞ்சுமாக மஸ்தான் தடுக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான். அதுவே வேஷம் என்று நினைத்துச் சனம் ஆர்ப்பரித்தது. ஒரு வாரக் கோபம் எல்லாம் அவன் முகத்தில் இருந்தது. கையை ஓங்கினான். நான் அவனைப் பார்த்த சந்தோஷத்தில் கை தட்ட மறந்துவிட்டேன். ஆனாலும் பளாரென்று சத்தம் வந்தது. பொறி கலங்கி நிஜமாகவே சுருண்டு விழுந்தேன். அவன் பதறிப்போய் என்னைத் தூக்க வந்து, லுங்கி தடுக்கி என் மேலேயே விழுந்தான். பஞ்சு பறந்தது. வலை கட்டி முடித்துவிட்டோம் என்று பின்னாலிருந்து கத்துகிறார்கள், எங்களை வெளியே விட கேலரிக்கு மனசில்லை.

திரைக்குப் பின்னால் வந்ததும் மேனேஜர் சார் மஸ்தானிடம், ஆறு மணிக்குள் மேக்கப் போட்டுவிடு என்றார். மாமனார் கோபித்துக்கொள்வாரோ என்று அவன் பயந்தான். அவரோ மாப்பிள்ளை கடையில் இல்லாத நிம்மதியில் அன்றைக்கே இரண்டு மெத்தை கூடுதலாக விற்றிருப்பார். மேனேஜர் நகர்ந்ததும் மஸ்தான் என் பக்கம் திரும்பினான்.

"நான் ஒரு வாரம் இல்லன்னா இப்படித்தான் நடு ரிங்குல குந்திக்கினு இருப்பியா? நல்ல வேளை பொட்டிய எடுக்க வந்தேன். இல்லன்னா உன் பொழப்பு இன்னிக்கே நாறிப் போயிருக்கும்."

உன்னால்தான்டா உட்கார்ந்தேன், உனக்காகத்தான்டா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தைக்குப் பதில் அழுகை வந்துவிட்டது. நல்ல வேளைதான்டா வந்த என்று மட்டும் சொன்னேன். ஜிங்க் பவுடர் கரைந்து சட்டையெல்லாம் வழிந்தது. மஸ்தான் பயந்துபோய் லுங்கி முனையால் என் முகத்தைத் துடைத்தான்.

"ரொம்ப பலமா அடிச்சிட்டனாடா?"

ஆமாடா என்றேன். அன்றிலிருந்து இந்த ஊரில் அவன் பார்க்கிற ஆள் ஒவ்வொருவரிடமும், ரிங் நடுவில் திக்கற்று உட்கார்ந்திருந்த ஏழுமலையைத் தான்தான் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் சொல்வது முழுக்க உண்மை. அதை மட்டும் அவனிடம் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன், ஒப்புக்கொண்டால் அவனைக் கையில் பிடிக்க முடியாது.